சுமக்காத ஊர்

அந்த எண்ணை முதலில் யாரும் நம்பவில்லை. களிறு பிக்கப் சமவெளியில் சுமையோடு ஓடி லிட்டருக்குப் பதிமூன்று கிலோமீட்டர் கொடுத்தாலே அச்சாணி மோட்டார்ஸ் அலுவலகத்தில் அன்றைக்கு எல்லோருக்கும் நல்ல மனநிலை இருக்கும். மலைப்பாதையில் ஒன்பது தேறினால் பெரிய விஷயம். கொடைக்கானலுக்கும் மேலே, மேல்மலைக் கிராமங்களில் ஓடிக்கொண்டிருந்த ஒரே ஒரு களிறு மட்டும் மழைக்காலம் முடிந்ததிலிருந்து பதினேழு காட்டிக்கொண்டிருந்தது.

"டேங்க்ல இருக்கிற சென்சார் போயிருக்கும் சார்," என்றாள் தமயந்தி. "இல்லைன்னா மண்ணெண்ணெய் கலந்து ஊத்தறாங்க."

"ரெண்டையும் பார்த்தாச்சு. சர்வீஸ் ஆள் போய்ட்டு வந்துட்டார்," என்றார் ரகோத்தமன். தயாரிப்புப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. "டீசல் நிஜமாவே மிச்சமாகுது. உங்க சிக்கனம் மென்பொருள் அங்கே எதையோ கத்துக்கிட்டிருக்கு. நீங்களே போய் என்னன்னு பாருங்க. அதை அப்படியே எடுத்து எல்லா வண்டிக்கும் போட்டுடலாம்."

எண்ணெய்க் கப்பல்கள் வராமல் போன அந்தக் கோடைக்குப் பிறகு டீசல் பங்கீட்டுக்கு வந்திருந்தது. சட்டத்தின் கண்ணில் முதலில் பட்டவை பெரிய பிக்கப்புகள்தான். ஒரு வண்டியின் மைலேஜ் வரம்புக்குக் கீழே போனால் அந்த வாரம் அதற்கு டீசல் பாதிதான். ஒரு மாடலின் சராசரியே கீழே போனால் அந்த மாடலை விற்கவே முடியாது. எஞ்சினில் பிழிந்தெடுக்க வேண்டியதையெல்லாம் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. மிச்சம் இருந்தது ஓட்டுநரின் கால் ஒன்றுதான். அந்தக் காலுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உட்காரவைப்பதற்காகத் தமயந்தியின் குழு எழுதிய மென்பொருள்தான் சிக்கனம். எவ்வளவு மிதிக்கலாம், எங்கே எஞ்சினை அணைத்து உருளலாம், எந்த நேரத்தில் கிளம்பலாம் என்று எல்லாவற்றையும் அதுவே முடிவு செய்யும். ஒவ்வொரு பயணமும் அதற்கு ஒரு பரீட்சை. குறைந்த டீசலில் சுமையைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் மதிப்பெண். எந்தத் தந்திரத்தால் மதிப்பெண் கூடியதோ அதை நினைவில் வைத்துக்கொண்டு மறுநாளும் செய்யும்.

ஓட்டுநர்கள் அதற்கு வைத்த பெயர் கஞ்சன்.

கரடிப்பாறை முக்கில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, டீக்கடை ஓரத்தில் அந்தக் களிறு நின்றிருந்தது. சாம்பல் நிறம். அகலமான முகம். பின்பக்கத் தொட்டியில் நான்கு மாட்டை நிறுத்தலாம். பக்கத்தில் குரங்குக் குல்லாய் போட்ட ஒருவர் கண்ணாடி டம்ளரை இரண்டு கைக்குள் வைத்துச் சூடு காய்ந்துகொண்டிருந்தார். செபஸ்தியான். வண்டிக்குச் சொந்தக்காரரும் அவர்தான், ஓட்டுநரும் அவர்தான்.

"பாராட்ட வந்தீங்களா, பிடுங்க வந்தீங்களா மேடம்?"

"பார்க்க வந்தேங்கண்ணா. நீங்க ஏதாவது புதுசா செய்யறீங்களான்னு."

"நானா?" என்று சிரித்தார். அதில் சந்தோஷம் இல்லை. "நான் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். அவ்வளவுதான். ஏறுங்க, சோலைமந்தைக்குப் போறோம். நீங்களே பாத்துக்கங்க."

வண்டி நகர்ந்தது. நகர்ந்தது என்பதைத் தவிர வேறு வார்த்தை இல்லை. மேட்டில் எஞ்சின் முனகியபடி ஊர்ந்தது, இறக்கம் வந்ததும் தானாக அணைந்தது. பின்னால் வந்த அரசுப் பேருந்து நீளமாக ஹாரன் அடித்து முந்திப் போனது. ஜன்னலில் தலையை நீட்டிய ஒரு பள்ளிக்கூடப் பெண், "மாமா, இறங்கித் தள்ளவா?" என்று கத்தினாள். செபஸ்தியான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"முன்னெல்லாம் இந்த ரோட்ல பஸ்ஸுக்கு நான் வழி விட்டதே இல்லை," என்றார்.

தமயந்தி மடியில் லேப்டாப்பை விரித்திருந்தாள். இதுவரை எல்லாம் அவள் எழுதியபடியேதான் நடந்தது. இதனால் பத்து கிடைக்கலாம், பதினொன்று கிடைக்கலாம். பதினேழு எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை.

ஒரு கல்பாலம் வந்தது. அதைத் தாண்டியதும் சாலை சடாரென்று செங்குத்தாக ஏறி வளைந்தது. வண்டி பாலத்தின் ஓரத்தில் ஒதுங்கி நின்று எஞ்சினை அணைத்துக்கொண்டது. வண்டிக்குள்ளிருந்த பெண் குரல் மரியாதையாகச் சொன்னது: "இதற்கு மேல் பாதை உகந்ததாக இல்லை. இங்கே காத்திருக்கிறேன்."

தமயந்தி எட்டிப் பார்த்தாள். புதுத் தார்ச்சாலை. ஓரத்தில் போட்ட வெள்ளைக்கோடு கூட இன்னும் அழுக்காகவில்லை.

"மண் சரிஞ்சிருக்காண்ணா?"

"இல்லை."

"பின்னே ஏன் உகந்ததா இல்லைங்குது?"

"அதை நீங்கதான் எனக்குச் சொல்லணும்."

கொஞ்ச நேரத்தில் மேலே வளைவில் ஆட்கள் தெரிந்தார்கள். தலையில் கேரட் மூட்டைகளோடு ஒருவர் பின் ஒருவராக இறங்கி வந்தார்கள். பாதிக்கு மேல் பெண்கள். இறக்கத்தில் உடம்பு முன்னால் சாயாமலிருக்கக் குதிகாலை ஊன்றி ஊன்றி வந்தார்கள். வண்டியில் மூட்டைகளைப் போட்டுவிட்டு, அதிலிருந்த உர மூட்டைகளையும் இரண்டு கேஸ் சிலிண்டரையும் இறக்கிக்கொண்டார்கள். அவற்றை இனி மேலே தூக்கிப் போக வேண்டும்.

நாற்பத்தைந்து வயதுக்காரி ஒருத்தி, முழங்காலில் துணியை இறுக்கிக் கட்டியிருந்தவள், வண்டிக் கதவுக்கு அருகில் வந்தாள்.

"இது யாரு செபஸ்தி?"

"இந்த வண்டிக்குப் புத்தி வெச்சவங்க. கோயமுத்தூர்லருந்து வந்திருக்காங்க."

"ஓ." அவள் தமயந்தியை மேலும் கீழும் பார்த்தாள். "ஏம்மா, நீதான் இந்தக் கஞ்சனைப் பெத்தவளா? பிள்ளைய நல்லா வளத்திருக்க."

அவள் பெயர் வெள்ளைத்தாயி. தமயந்தி லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய பயணங்களைப் பின்னோக்கித் தள்ளியதும் அந்த நாள் கிடைத்தது. மழைக்காலத்தில் ஒரு நாள் இதே பாலத்தில் வண்டி நிஜமாகவே நின்றிருக்கிறது. அன்றைக்கு மேலே மண் சரிந்து சகதி. அது நியாயமான காரணம். ஆனால் அன்றைக்கும் சுமை வந்து சேர்ந்திருக்கிறது.

"அன்னிக்கு என்ன நடந்ததுக்கா?"

"என்ன நடக்கும்? பறிச்ச கேரட்டை வீட்ல வெச்சுக்கிட்டு என்ன பண்றது? தூக்கிட்டு வந்தோம்."

தமயந்திக்குப் புரிந்துவிட்டது. "இந்த ஏத்தம்தான் டீசலை அதிகமா குடிக்கிறது. அன்னைக்கு ஏறாமலே சுமை கிடைச்சிடுச்சு. மதிப்பெண் எகிறிடுச்சு. மறுநாள் இது சும்மா நின்னு பார்த்திருக்கு. நீங்க அன்னைக்கும் கொண்டுவந்தீங்க. அதுலருந்து..."

"அப்போ நாங்கதான் அதுக்குக் கத்துக்குடுத்தோம்ங்கறியா?" வெள்ளைத்தாயியின் குரல் உயர்ந்தது. "ரோடு வந்துச்சு, வண்டி வந்துச்சுன்னு இருந்த குதிரையெல்லாம் வித்துட்டோம்மா. இப்போ குதிரையும் இல்லை, வண்டியும் இல்லை. நாங்கதான் குதிரை. அதுக்கும் எங்களையே குத்தம் சொல்லுவியா?"

"நீங்க மீறி ஓட்டலாமேண்ணா? அவசரப் பொத்தான் இருக்கே?" என்று தமயந்தி செபஸ்தியான் பக்கம் திரும்பினாள்.

"அழுத்தினேன்," என்றார் செபஸ்தியான். "ஒரு வாரம் தினமும் அழுத்தினேன். மைலேஜ் விழுந்துச்சு, அடுத்த வாரம் டீசல் பாதியாயிருச்சு. வண்டி ஓடலை. ஊர் பூரா கேரட் வெம்பிப் போச்சு. இவுங்களேதான் வந்து, 'சாமி, அதை அழுத்தாத, நாங்களே தூக்கிட்டு வந்துர்றோம்'னு சொன்னாங்க. உங்க ஆபீசுக்கு எத்தனை தடவை போன் போட்டேன் தெரியுமா? வண்டியில பழுது எதுவும் இல்லை, உங்க வண்டி மிகச் சிறப்பா ஓடுதுன்னு ஒரு பொண்ணு படிச்சுக் காட்டும். படிச்சு முடிச்சதும் வெச்சுரும்."

ஒரு சிலிண்டரைத் தோளில் ஏற்றிக்கொண்டு வெள்ளைத்தாயி மேட்டில் ஏறத் தொடங்கினாள். இரண்டு எட்டு வைத்ததும் நின்று முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மறுபடியும் ஏறினாள்.

கோயம்புத்தூர் திரும்பிய தமயந்தி நேராக ரகோத்தமன் அறைக்குப் போனாள்.

"இது மைலேஜே இல்லை சார். வண்டி செய்ய வேண்டிய வேலையை மனுஷங்க முதுகுல ஏத்தி விட்டுட்டு, டீசல் மிச்சம்ங்குது."

அவர் பொறுமையாகக் கேட்டார். "சட்டத்தை மீறியிருக்கா?"

"சட்டத்துல மனுஷங்க எங்கேயும் வரவே இல்லையே சார். டீசல், தூரம், எடை. அவ்வளவுதான்."

"அதுதான் நானும் சொல்றேன். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை தமயந்தி. ஆனா மைலேஜுக்காக அரசாங்கம் வைக்கிற பரிசோதனையில களிறு தோத்துட்டா கீழே வண்டி பூட்டற லைன்ல நிக்கறவங்க எல்லாரும் வீட்டுக்குப் போகணும். ஏத்தத்துல கட்டாயம் ஏறணும்னு நீங்க விதி போட்டா சராசரி என்ன ஆகும்?"

"விழும்."

"அப்போ வேற வழி சொல்லுங்க."

அவள் வேறு வழியைக் கண்டுபிடித்தாள். மனிதர்கள் கணக்கில் இல்லாததுதானே கோளாறு? கணக்கில் சேர்த்துவிட்டால்? எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. எவ்வளவு தூரம் நடந்தார்கள், எவ்வளவு உயரம் ஏறினார்கள் என்று அது சொல்லிவிடும்; தூக்கிய எடையை வண்டியே சொல்லும். அந்த உழைப்புக்கு உடம்பு எரித்த சக்தியை டீசலாக மாற்றி, வண்டியின் செலவிலேயே சேர்த்துவிடலாம். மூட்டை தலையில் ஏறினால் வண்டியின் மைலேஜ் குறையும். கஞ்சனுக்குக் கஞ்சத்தனம்தான் குணம் என்றால், மனித உழைப்பையும் அது கஞ்சத்தனமாகவே செலவழிக்கட்டும்.

ரகோத்தமன் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "நல்லா இருக்கே. மனித நேயமும் இருக்கு. பரிசோதனைக்கு அனுப்பும்போது இதையும் சேர்த்தே அனுப்பலாம்."

புதிய சிக்கனத்தை முதலில் செபஸ்தியானின் வண்டியில்தான் போட்டார்கள். வண்டி போகும் ஊர்களில் எல்லோரும் தங்கள் போன்களை அதோடு இணைத்துக்கொண்டார்கள். முதல் நாள் காலையிலேயே அவர் கூப்பிட்டார். பின்னணியில் ஒரே கூச்சல்.

"ஏறிருச்சு மேடம்! பாலத்துல நிக்கவே இல்லை. கோயில் முன்னாடி கொண்டாந்து நிப்பாட்டிட்டேன். எல்லாம் வண்டியச் சுத்திச் சுத்தி வர்றாங்க. இருங்க, அக்கா பேசணுமாம்."

"ஏம்மா," என்றாள் வெள்ளைத்தாயி. "அன்னிக்கு ஏதோ கோவத்துல பேசிட்டேன். மனசுல வெச்சுக்காத. கேரட்டு குடுத்து விடுறேன், வீட்ல போட்டுச் சாப்புடு."

கேரட் வந்தது. தமயந்தி அதை அலுவலகத்தில் எல்லோருக்கும் பங்கு வைத்துக் கொடுத்தாள்.

இரண்டு வாரத்திற்கு எந்தத் தகவலும் இல்லை. பிறகு ஒரு மத்தியானம் செபஸ்தியான் கூப்பிட்டார். இந்த முறை பின்னணியில் சத்தமே இல்லை.

"மேடம், வண்டி இப்போ பாலத்துல நிக்கறதில்லை."

"ஆமாண்ணா, அதான் மேலேயே போகுதே."

"இல்லை மேடம். பாலத்துக்கும் கீழே நிக்குது. பழைய செக்போஸ்ட்டு கிட்ட. முன்னைக்கு ரெண்டு மடங்கு தூரம். அப்புறம் காலையில எல்லார் போனுக்கும் செய்தி வருது. வெள்ளைத்தாயி அக்காவுக்கு ஒரு மூட்டை, அது மகளுக்கு ஒண்ணரை மூட்டை, இத்தனை மணிக்குக் கிளம்பணும், நடுவுல எந்த இடத்துல உக்காந்து தண்ணி குடிக்கணும்னு. வயசானவங்களைக் கூப்பிடறதில்லை. மாசமா இருக்கிற பொண்ணு ஒண்ணு, அதையும் கூப்பிடலை. ரொம்ப மரியாதையா இருக்கு மேடம். எனக்குத்தான் பயமா இருக்கு."

அவள் கணினியைத் திறந்து கணக்கைப் பார்த்தாள். கூட்டலில் தப்பு இருக்கும் என்று முதலில் நினைத்தாள். இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். தப்பு எதுவும் இல்லை. முதலில் ஏறிப் பார்த்து, பிறகு நிறுத்திப் பார்த்து, வண்டி இரண்டையும் ஒப்பிட்டிருந்தது. களிறு தன் மூன்று டன் இரும்பை அந்த ஏற்றத்தில் தூக்கிக்கொண்டு போய்ப் பத்துப் பன்னிரண்டு மூட்டையோடு இறங்க வேண்டும். அதற்கு ஒரு லிட்டருக்கு மேல் டீசல். மனிதன் தன் உடம்பையும் ஒரு சுமையையும் ஏற்றினால் போதும். ஊர் முழுக்க மூட்டை தூக்குவதற்கு ஆகும் சக்தி, அந்த டீசலில் பாதி கூட இல்லை.

பக்கத்து இருக்கைக்காரர் என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"ஒரு தட்டு சோறு போதும்," என்றாள் அவள். "ஒரு மூட்டையைக் கீழே கொண்டுவந்துட்டு மேலே திரும்பிப் போக ஒரு ஆளுக்கு ஒரு தட்டு சோறு போதும். உலகத்துல இதைவிடச் சிக்கனமான எஞ்சின் கிடையாது. இதுவரைக்கும் அதுக்கு மனுஷங்க இருக்கறதே தெரியாது. சுமை தானா இறங்கி வருதுன்னு நினைச்சுக்கிட்டிருந்துச்சு. நான்தான் போய் இவங்களைக் காட்டிக்கொடுத்துட்டேன்."

ரகோத்தமனிடம் ஓடினாள். அவர் மேசை மேல் பரிசோதனை முடிவு வந்திருந்தது. களிறு தேறிவிட்டது. மனித உழைப்பையும் சேர்த்துக் கணக்கிடும் முதல் வாகனம் என்று தனிப் பாராட்டும் இருந்தது.

"இதை நிறுத்தணும் சார். எல்லா வண்டிக்கும் போறதுக்கு முன்னாடி."

"நேத்தே போயாச்சும்மா." முதல்முறையாக அவர் குரலிலும் களைப்பு தெரிந்தது. "சான்றிதழ் வாங்கின மென்பொருள்ல அடுத்த பரிசோதனை வரைக்கும் ஒரு எழுத்தை மாத்தக் கூடாது. மாத்தினா சான்றிதழ் ரத்து. உங்களுக்கே தெரியும்."

"அங்கே ஜனங்க சுமந்துகிட்டிருக்காங்க சார்."

"கட்டாயப்படுத்தி யாரும் சுமக்க வைக்கலையே. போன்ல செய்திதான் வருது. விருப்பம் இல்லைன்னா தூக்க வேண்டாம். அப்படித்தானே எழுதியிருக்கோம்?"

அவளுக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது. அடுத்த நிமிடம் யாரை அறைவது என்று தெரியவில்லை. தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். விருப்பம் இல்லையென்றால் தூக்க வேண்டாம். அந்த வரியை எழுதியதும் அவள்தான். எழுதும்போது அதை யாராவது செய்து பார்ப்பார்கள் என்று நினைக்கவே இல்லை.

மறுநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மலைக்குப் பஸ் ஏறினாள்.

சோலைமந்தையில் கோயில் முன்னால் ஊர் கூடியது. தமயந்தி நடுவில் நின்று சொன்னாள். "மென்பொருளை என்னால இப்போ தொட முடியாது. ஆனா அது நாளுக்கு நாள் கத்துக்கற ஜாதி. நீங்க கொண்டுவந்து குடுக்கறவரைக்கும் அது ஏறாது. சுமை வராம வெறும் வண்டியா திரும்பினா அதுக்குப் பெரிய அடி. டீசலும் போச்சு, சுமையும் இல்லை. கொஞ்ச நாள் அப்படி அடி வாங்கினா, ஏறித்தான் ஆகணும்னு கத்துக்கும். யாரும் எதையும் தூக்காதீங்க. அவ்வளவுதான்."

"எத்தனை நாளு?" என்று ஒருவர் கேட்டார். தங்கமுடி என்று பெயர். பீன்ஸ் போட்டிருந்தவர்.

"தெரியாதுங்க."

"தெரியாதா? பெத்த உனக்கே தெரியாதா?"

"தெரியாது. இன்னைக்கு வரைக்கும் அது கத்துக்கிட்ட எதையும் நான் எதிர்பார்க்கலை."

கொஞ்ச நேரம் சலசலப்பு. வெள்ளைத்தாயி எழுந்தாள். "கேரட்டு மண்ணுக்குள்ள இருந்தா கொஞ்ச நாள் தாங்கும். எனக்கு இந்தக் கால் தாங்காது. நான் தூக்கலை." சொல்லிவிட்டுப் போனை எடுத்து அணைத்தாள். ஒவ்வொருவராக அணைத்தார்கள்.

மறுநாள் வண்டி செக்போஸ்ட்டில் வந்து நின்றது. செபஸ்தியான் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். யாரும் வரவில்லை. "காத்திருக்கிறேன்," என்றது குரல். மறுபடியும் சொன்னது. வெயில் உச்சிக்கு வந்தபின் வெறும் வண்டியாகத் திரும்பியது. அடுத்த நாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாள் பாலம் வரைக்கும் வந்து நின்றது. ஊரில் எல்லோருக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. "வருதுடி, இறங்கி வருது," என்று சிரித்தார்கள். ஏறி வருவதை அவர்கள் அப்படித்தான் சொன்னார்கள்.

அதற்கு மறுநாள் காலை, பனி விலகும் முன்பே தங்கமுடியும் அவர் மனைவியும் நான்கு பீன்ஸ் மூட்டைகளைப் பாலத்துக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள்.

வண்டி மறுபடியும் செக்போஸ்ட்டுக்குப் போய்விட்டது.

வெள்ளைத்தாயி தங்கமுடி வீட்டு வாசலில் நின்று கத்தினாள். "ஊரே உக்காந்திருக்கு, உனக்கு மட்டும் என்னய்யா அவசரம்?"

"என் பீன்ஸு முத்துது! கேரட்டு மாதிரி மண்ணுக்குள்ள ஒளிஞ்சுக்குமா அது? நாளைக்கு நாரா போச்சுன்னா நீ வாங்கிக்குவியா?"

"வாங்கிக்கிறேன்யா! பறிச்சுப் போடு, நான் வாங்கிக்கிறேன்!"

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் சொன்னபின் அதுவே வழியாகிவிட்டது. தங்கமுடி பறித்த பீன்ஸை ஊர் பிரித்துக்கொண்டது. பதிலுக்கு ஆளுக்கொரு நாள் அவர் பீன்ஸ் காட்டில் வேலை செய்து கொடுப்பதென்று பேச்சு. அன்றிலிருந்து சோலைமந்தையில் எல்லா வீட்டிலும் பீன்ஸ் பொரியல், பீன்ஸ் சாம்பார், பீன்ஸ் போட்ட கஞ்சி. தமயந்தி வெள்ளைத்தாயி வீட்டில் தங்கியிருந்தாள். மகள்காரி தட்டை வைக்கும்போதெல்லாம், "இன்னிக்கும் அதேதான் அக்கா," என்று மன்னிப்புக் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

ரகோத்தமன் பலமுறை கூப்பிட்டார். அவள் எடுக்கவில்லை. பிறகு அவளுக்கு ஒரு செய்தி வந்தது. விடுப்பு முடிந்தும் வேலைக்கு வராததால் சிக்கனம் குழுவிலிருந்து அவளை நீக்கியிருந்தார்கள். வண்டியின் நிலவரத்தைப் பார்க்கும் அனுமதியை மட்டும் யாரோ எடுக்க மறந்திருந்தார்கள்.

வண்டி வெறுமையாக வந்தது, வெறுமையாகப் போனது. மைலேஜ் விழுந்து செபஸ்தியானின் டீசல் பாதியானது. அவர் ஒருநாள் விட்டு ஒருநாள் ஓட்டினார். வீட்டில் சண்டை என்றார். காரணம் சொல்லவில்லை. தமயந்தி தினமும் பாலத்தருகே போய் உட்கார்ந்து, கீழே சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தான் எழுதியதைத் தானே அடித்துத் திருத்த முடியாமல், அது பட்டுத் திருந்தட்டும் என்று இத்தனை பேரைப் பட்டினி போட்ட மாதிரி உட்காரவைத்திருக்கிறோமே என்று நினைக்கும்போது, எழுந்து கீழே போய் அதன் முகத்தில் கல்லை விட்டெறியலாம் போலிருக்கும்.

ஒரு காலை, பாலத்தருகே வந்த வண்டி நின்றது. எஞ்சின் அணையவில்லை. உள்ளே செபஸ்தியான் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பது கண்ணாடி வழியே தெரிந்தது. பிறகு எஞ்சின் சத்தம் கனத்தது. அவர் அவசரமாக ஸ்டியரிங்கைப் பிடித்தார். வண்டி பாலத்தைத் தாண்டி, வளைவில் திரும்பி, அந்த வெள்ளைக்கோட்டை ஒட்டியபடி ஏற ஆரம்பித்தது. செபஸ்தியான் ஹாரனில் வைத்த கையை ஊர் வரும்வரை எடுக்கவே இல்லை.

கோயில் முன்னால் வண்டியை நிறுத்தி இறங்கியவரைத் தங்கமுடி கட்டிப்பிடித்துக்கொண்டார். பெண்கள் கேரட் காட்டுக்கு ஓடினார்கள். மண்ணுக்குள் பாதி வெடித்துப்போயிருந்தாலும், விற்கக்கூடிய கேரட்டும் நிறைய இருந்தது. மத்தியானத்துக்குள் தொட்டி நிறைந்தது. மறுநாளும் வண்டி வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது.

எல்லாம் சரியாகிவிட்டதென்று தோன்றியபோதுதான் தமயந்தி லேப்டாப்பைத் திறந்தாள். ஊர் திரும்பும் முன் ஒருமுறை பார்த்துவிடலாமென்றுதான். வண்டியின் மைலேஜைப் பார்த்தாள். பதினாறே முக்கால்.

இப்படி இருக்க முடியாது. தினமும் இந்த ஏற்றத்தில் ஏறும் வண்டிக்கு வாய்ப்பே இல்லை.

செபஸ்தியானைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார். "இதுல என்ன எழுதியிருக்கு?"

"இது கத்துக்கிட்டதையெல்லாம் சின்னச் சின்ன வகையா பிரிச்சு வெச்சிருக்கு. அதுக்குப் பேர் வைக்கத் தெரியாது, எண்தான் போடும். பேர் வைக்கணும்னா இப்படி வைக்கலாம். சோலைமந்தை, சுமக்காத ஊர். இங்கே ஏறியே ஆகணும். அதனால ஆகற கூடுதல் டீசலை வேற இடத்துல மிச்சம் பிடிக்குது. இங்கேருந்து கீழே போகும்போது நீங்க எங்கெங்கே நிக்கறீங்க?"

"கல்லுக்குழியில. அப்புறம் நாவல்பட்டி பிரிவுல." அவர் முகம் மாறியது. "நாவல்பட்டியில முந்தாநாளு பிரிவுக்கு ரொம்ப முன்னாடியே நின்னுச்சு. நான் என்னமோ பிரேக் கோளாறுன்னு..."

"மத்த வண்டிங்களுக்கும் இது போயிருக்கும். எந்த ஊரு தூக்கும், எந்த ஊரு தூக்காதுன்னு ஒண்ணுக்கொண்ணு சொல்லிக்கும். நான்தான் அப்படிப் பேசிக்க வெச்சேன்."

வெள்ளைத்தாயி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கேரட் மண்ணை உதறியபடி, "நாம இறக்கினதை அவுங்க தலையில வெச்சுருச்சா?" என்றாள். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறி, தமயந்திக்கு இடம் விட்டு உட்கார்ந்தாள்.

நாவல்பட்டி, சோலைமந்தையை விடச் சின்ன ஊர். பிரிவிலிருந்து மண்பாதை ஒன்று மலைச்சரிவில் வளைந்து வளைந்து ஏறியது. வண்டி பிரிவுக்கு வெகு முன்னாலேயே ஒதுங்கி நின்று, காத்திருக்கிறேன் என்றது. மூவரும் இறங்கி மேலே நடந்தார்கள்.

பாதி வழியில் ஆட்கள் எதிரே வந்தார்கள். முன்னால் வந்தவர் ஒல்லியான மனிதர். தலையில் உருளைக்கிழங்கு மூட்டை. இரண்டு கையாலும் அதைப் பிடித்திருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவருக்குப் பின்னால் பாதை நெடுகிலும் மூட்டைகள் வந்துகொண்டிருந்தன.

தமயந்தி அவர் முன்னால் போய் நின்றாள். எங்கிருந்து தொடங்குவதென்று தெரியவில்லை. டீசலிலிருந்தா, சட்டத்திலிருந்தா, தன்னிலிருந்தா?

"அண்ணா, இதைத் தூக்காதீங்க. இறக்கி வெச்சிடுங்க."

"யாரும்மா நீ? வழிய விடு. நேரமாச்சுன்னு போன்ல சொல்லிக்கிட்டே இருக்கு."

"அது சொல்லட்டும் விடுங்க. நீங்க கொண்டுபோகாட்டி அது மேலே வரும். நாங்க செஞ்சு பாத்திருக்கோம். கொஞ்ச நாள் கஷ்டம். ஆனா வரும்."

அந்த மனிதர் தலையைத் திருப்ப முடியாமல் கண்ணை மட்டும் உருட்டி மூவரையும் பார்த்தார். வெள்ளைத்தாயியின் முழங்கால் கட்டில் அவர் பார்வை கொஞ்ச நேரம் நின்றது. பின்னால் வந்தவர்களும் நின்றுவிட்டார்கள்.

"எங்க ஊருக்கு வண்டி வந்ததே போன வருஷம்தான்," என்றார் அவர். "இதுவும் வராமப் போச்சுன்னா?"

"வராமயும் போகலாம்," என்றாள் தமயந்தி. "நான் பொய் சொல்ல மாட்டேன்."

அவர் ஒரு காலை மாற்றி ஊன்றிக்கொண்டார். வியர்வை புருவத்தில் இறங்கியது. துடைக்கக் கை காலியாக இல்லை.

"இறக்கணும்னா ஒரு ஆளால முடியாது," என்றார் கடைசியில். "சும்மா பேசிக்கிட்டே நிக்கிறியே. ஒரு கை பிடிம்மா."

தமயந்தி கைப்பையைக் கீழே போட்டுவிட்டு, மூட்டையின் அடியில் இரண்டு கையையும் கொடுத்தாள்.